கரி பஸ்ஸில் கேட்ட யோசனை

தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியில் கரி போட்டு விசிறினால் போதும், எனக்கு மாமனார் வீட்டு ஞாபகம் வந்துவிடும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காது. பஸ்ஸின் முதுகில் ஓர் உலையைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் வண்டி ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாதி வழி நாங்கள்தான் தள்ளினோம். சேலத்தில் காலையில் ஏறினால் திருச்செங்கோடு சேர வெயில் சாய்ந்துவிடும். உலை மங்கினால் கிளீனர் அதைக் கிளறி மூட்டும்வரை புளியமரத்தடியில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் பேசாமல் என்ன செய்வது?

எனக்கோ வெளியே சொல்ல முடியாத வருத்தம். கல்யாணமாகி முதல் ஆடிக்கு மனைவியை அவள் அப்பா வந்து அழைத்துப் போனார். அவர் கொண்டுவந்த சீரில் அண்டா சின்னது என்று என் அம்மா அவர் காதுபடச் சொல்லிவிட்டாள். ஆவணியும் முடியப் போகிறது. பெண்ணை அனுப்பவில்லை, என்னையும் அழைக்கவில்லை. "கூப்புடாத ஊட்டுக்கு எம்மவன் போவானா?" என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அஸ்தம்பட்டி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் பஸ் ஏறினேன்.

ஆட்டையாம்பட்டி தாண்டியதும் வண்டி நின்றது. பக்கத்தில் ஒரு நெய்க்காரம்மா, சேலத்தில் நெய் விற்றுவிட்டு வெறும் சட்டியோடு திரும்புகிறவள்.

"ஏஞ் சாமி மூஞ்சி இப்படி வாடிக் கெடக்குது? மாமனார் ஊட்டுக்கா?"

கையில் இருந்த மல்லிகைப் பொட்டலத்தைப் பார்த்திருப்பாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மரத்தடி முழுக்க எனக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். முண்டாசு கட்டிய பெரியவர், "அழைக்காமப் போனா மருமகனுக்கு என்னங்க மருவாதி?" என்றார்.

"அந்த மருவாதியக் கட்டிப் புடிச்சுட்டுப் படுத்துக்கறதுங்களா?" என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பல நாளைக்குப் பிறகு.

நெய்க்காரம்மா சிரிக்கவில்லை. "போயி நாயம் பேசாதீங்க சாமி. அண்டாவப் பத்தி வாயே தொறக்காதீங்க. தாகமா இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. மாமியா தண்ணி கொண்டாந்தா, குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துருங்க. கட்டுன புள்ளையே கொண்டாந்தா, தெகிரியமா உக்காருங்க."

பெரியவர்கூடத் தலையாட்டினார்.

மல்லசமுத்திரம் மேட்டில் தள்ளும்போது உலைக்கு நேர் பின்னால் மாட்டிக்கொண்டேன். பஸ் கிளம்பியது, கரியெல்லாம் என்மேல். அதே கோலத்தில் மாமனார் வாசலில் போய் நின்றேன். கயிற்றுக் கட்டிலில் இருந்தவர் ஏறிட்டுப் பார்த்து, "கரியெல்லாம் வேண்டாம்ப்பா, இந்த ஊட்டுல வெறகுதான் எரிக்கறது" என்றார்.

"தாகமா இருக்குதுங்க" என்பது மட்டும் எப்படியோ வந்தது.

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. என் குரல் என் மனைவிக்குத் தெரியாதா? செம்பு எடுத்து வரவில்லை; இடுப்பில் நிறைகுடத்தோடு ஓடி வந்தாள். அவள் ஊற்ற ஊற்ற நான் கழுவினேன். முகம் தெரிந்ததும், "வாரதுக்கு இத்தன நாளாங்க?" என்றாள். அழுதாள். நானும்தான். மாமனார் வெட்கம் தாங்காமல் கோழி பிடிக்கப் போய்விட்டார். மறுநாள் வண்டி பூட்டி எங்களை அனுப்பி வைத்தார்.

அவள் போன தை மாதம் காலமானாள். காரியங்கள் முடிந்தபின் ஒருமுறை அவள் ஊருக்குப் போய்வரத் தோன்றியது. இப்போது பஸ் எந்த மேட்டிலும் நிற்பதில்லை. உள்ளே வீடியோவில் படம் ஓடுகிறது. பக்கத்தில் இருந்தவர் நல்ல மனிதர்தான், ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக் கொடுத்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்பாரென்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.