கலவரம் தெரியாத கணினி

படுத்தால் மூச்சு முட்டியது. எழுந்து உட்கார்ந்தால் சரியாகிவிடும். வேறு வாரமாக இருந்திருந்தால் என் மனைவி அன்றே கண்டுபிடித்திருப்பாள். ஆனால் அது தெல்தெனியப் பக்கம் முஸ்லிம்களின் கடைகள் எரிந்து, கண்டி முழுக்க ஊரடங்கு போட்டிருந்த வாரம். எங்கள் ஊர் அக்குறணையில் எந்த ஆண்பிள்ளைதான் படுத்துத் தூங்கினான்?

எங்கள் வீதியில் ஆண்கள் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். நான் முறை பார்க்காமல் எல்லா இரவும் எங்கள் கேற்றடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "நிஸார் நானாட தைரியம் யாருக்கும் வராது" என்று ஊரில் என்னைப் பற்றிப் பேச்சு. படுக்க முடியாதவனுக்குக் கிடைத்த வீரப்பட்டம். நான் மறுக்கவில்லை.

உள்ளே நெஞ்சு அடித்துக்கொண்ட விதம் எனக்குத்தான் தெரியும். பயம் என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன். வீரன் அதை யாரிடம் போய்ச் சொல்வான்?

நான் எவ்வளவு பயந்தேன் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. போட்டோ கொப்பி எடுத்து, லெமினேட் செய்து கொடுக்கும் கடை என்னுடையது. ஷட்டரை இழுத்து மூடுவதற்கு முன், வீட்டிலிருந்த முக்கியமான தாள்களையெல்லாம் அள்ளிவந்து லெமினேட் செய்தேன். தீக்குப் பயந்து பிளாஸ்டிக் உறை போட்ட முதல் அறிவாளி உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். அந்தக் குவியலில் சில மாதங்களுக்கு முன் மக்காவுக்கு உம்ரா போகுமுன் எடுத்த ஈ.சி.ஜி.யும் (இருதயத்தின் மின்னோட்டத்தைக் கோடுகளாக வரையும் பரிசோதனை) இருந்தது.

பகலில் சில மணிநேரம் ஊரடங்கைத் தளர்த்தியபோது, நான் மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டேன். மனைவி கீழேயிருந்து பார்த்தாள்.

"இது பயமில்ல. மொகம் வெளிறிப் போய் ஈக்கிது. வெளிக்கிடுங்க."

மனைவியின் தம்பி, என் மச்சான், வேனை எடுத்தான். கண்டியில் ஆஸ்பத்திரி வராந்தா நிரம்பியிருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களில் பாதிப்பேர் எனக்குத் தெரிந்த முகங்கள். அவர்களுக்குப் பயம், நித்திரையின்மை என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மாரடைப்பா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனையில் எனக்கும் ஒன்றும் இல்லை. ஈ.சி.ஜி.யில் மட்டும் சின்ன வித்தியாசம்.

வார்டிலிருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை. "இது முந்தியே இருந்ததோ, இப்ப வந்ததோ தெரியேல்லை. பழைய ஈ.சி.ஜி. இருக்கே, ஐயா?"

பெருமையோடு பையிலிருந்து எடுத்து நீட்டினேன். கன்னங்கரேலென்ற தாள், பளபளவென்று. சூட்டில் அச்சாகும் தாளை லெமினேட் செய்தால் கருகிப்போகும் என்று கடைச்சுவரில் எழுதி ஒட்டியவன் நான்தான்.

டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல பாதுகாப்பாத்தான் வச்சிருக்கிறியள்."

சிரிப்பு எனக்கு வரவில்லை. பொழுதுபட்டால் மறுபடி ஊரடங்கு. வீட்டில் மனைவியும் இரண்டு மகள்மாரும் மட்டும். பயம் என்றால் வீட்டுக்குப் போகலாம். இருதயம் என்றால் கட்டில்.

"டொக்டர், நான் சரியான பயந்தாங்கொள்ளி. ஊர்ல கேட்டுப் பாருங்க" என்றேன்.

"ஊர்ல வேற மாதிரியெல்லோ செல்றாங்க" என்றான் மச்சான். துரோகி.

டொக்டர் தன் கைபேசியால் புதிய ஈ.சி.ஜி.யைப் படமெடுத்து, மடிக்கணினியில் ஏற்றினார். செயற்கை நுண்ணறிவு (ஏராளமான பழைய உதாரணங்களைக் காட்டிப் பழக்கிய கணினி நிரல்) ஒன்றை அவர்கள் ஆராய்ச்சிக்காகப் பரீட்சித்துக்கொண்டிருந்தார்கள். இன்டர்நெட் இல்லாமலும் அது ஓடியது. கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு சிவப்புக் கோடு நீண்டது.

"மாரடைப்பெண்டு இது சொல்லேல்லை. உங்கட இருதயம் இரத்தத்தைத் தள்ளுற பலம் குறைஞ்சிருக்கலாம் எண்டு சொல்லுது. எங்கட கண்ணுக்குப் பிடிபடாத மாற்றங்களையும் இது பார்க்கும்."

"இது பிழையாச் சொல்லாதா?"

"சொல்லும். நல்ல சுகமா இருந்த ஆளுக்கும் சொல்லியிருக்கு. அதுதான் ஸ்கேன் செய்து பார்ப்பம் எண்டுறன்."

"டொக்டர், ஊரே பத்தி எரியுது. எல்லாருக்கும்தான் நெஞ்சு படபடக்குது. இந்த மெஷினுக்கு அது தெரியுமா?"

"தெரியாது. காலமையில இருந்து வாற எல்லாருக்கும் நாங்கள் பயமெண்டுதான் சொல்லிக்கொண்டு இருக்கிறம். கலவரம் நடக்கிறது தெரியாத ஆள் இந்த வார்டில இது ஒண்டுதான், ஐயா."

எக்கோ ஸ்கேனில் (ஒலியலையால் இருதயத்தைப் படம் பிடிப்பது) என் இருதயத்தைப் பார்த்தேன். சோம்பேறி வேலையாள் மாதிரி அசைந்தது. இருதயத் தசை தளர்ந்திருந்தது. நுரையீரலில் நீர் தேங்கத் தொடங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியதன் காரணம் அதுதான். எதனால் வந்தது என்று இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கலவரத்துக்கு முன்பே வந்ததாக இருக்கலாம் என்றார்கள்.

வீட்டுக்குப் பேசினேன். "ஆஸ்பத்திரில நிக்கச் செல்றாங்க" என்றேன்.

"நில்லுங்க. தம்பிய அனுப்புங்க, அவன் இங்க படுக்கட்டும்" என்றாள் மனைவி. "உங்கட கதிரைல நான் ஈக்கிறன்."

அவள் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீதிக்கு யாரும் வரவில்லை. வந்திருந்தால் நான் என்ன கிழித்திருப்பேன் என்று கட்டிலில் படுத்தபடி யோசித்தேன். மூச்சு வாங்க ஓடி, கேற்றைத் தாண்டுமுன் விழுந்திருப்பேன். மருந்து நுரையீரலிலிருந்த நீரை இறக்கியதும் மல்லாந்து படுக்க முடிந்தது. அந்த வாரத்தில் அக்குறணைக்காரன் ஒருவன் குறட்டை விட்டுத் தூங்கினான் என்றால் அது நான்தான். அதற்காக இன்னும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. கணினி என்னைக் குணமாக்கவில்லை. பாருங்கள் என்று சொன்னது, அவ்வளவுதான். பார்த்தது ஸ்கேன், குணமாக்குவது மாத்திரையும் உப்பில்லாத கறியும். இரண்டாவதைச் சகிப்பதற்குத்தான் உண்மையான தைரியம் வேண்டும். அடுத்த ஆண்டு ஸ்கேனில் இருதயம் ஓரளவு தேறியிருந்தது. முழுதாக இல்லை.

முன்பெல்லாம் உடம்பு என்னைச் சுமந்து போனது. இப்போது நான் அதைக் கேட்டுக் கேட்டு நடக்கிறேன். நாள் என்பது காலையில் தராசில் ஏறி நிற்பதில் தொடங்குகிறது. கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால், உடம்பில் நீர் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

போன மாதம் ஒரு மாலையில் வீதியில் திடீரென்று கூட்டமாகக் கூச்சல். படபடவென்று வெடிச்சத்தம். கிரிக்கெட் வெற்றிதான், ஆனால் அது தெரியுமுன் நெஞ்சு தொண்டைக்கு வந்துவிட்டது. மனைவி குசினியில் சமையலை விட்டு வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சாரத்தைச் சற்று உயர்த்தி, காலை அழுத்தினேன். இருவரும் குனிந்து பார்த்தோம். குழி விழவில்லை. மூச்சும் சீராக இருந்தது.

"பயம்தான்" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.