விளிம்பு வரை ஊற்றிய பெட்ரோல்

"படிச்சுட்டா மட்டும் பெட்ரோல் ஒன் பேச்சக் கேக்குமா?"

அப்பா இதைக் கேட்டபோது வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பாதிப் பேர் வாசலில் நின்றிருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. புல் வெட்டும் மெஷினோடு வந்த சிறிய புத்தகம் என் கையில் இருந்தது.

இலங்கை மலையகத்தில், ராகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதுவரை சொரண்டியால்தான் புல் செதுக்கினார்கள். அந்த வருடம் நான்கு மெஷின்கள் வந்தன. தோளில் வாரைப் போட்டுக்கொண்டு, நீளக் குழாயின் நுனியில் சுழலும் தகட்டால் புல்லை வெட்டவேண்டும். குழாயின் மறுமுனையில், முதுகுக்குப் பின்னால் வரும் இடத்தில், ஒரு சின்ன இன்ஜினும் பெட்ரோல் தாங்கியும் இருக்கும். நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் அப்பா ஒருவர். கயிற்றை ஒரே இழுப்பில் இழுத்து இன்ஜினைக் கிளப்புவார். மற்றவர்கள் ஏழெட்டுத் தடவை இழுப்பார்கள்.

அப்பாவுக்கு எழுதத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். தோட்டத்து முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அன்று அப்பா வாசலில் மெஷினை வைத்து, சூடு ஆறுவதற்குள் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மாமா அருகில் குந்திக்கொண்டு பீடி குடித்தார். அவரும் மெஷின் ஓட்டுகிறவர்களில் ஒருவர். நான் புத்தகத்தை எடுத்து வந்து வாசித்தேன். முதலில் ஆங்கிலத்தில் வாசித்தேன். அங்கே யாருக்கும் ஆங்கிலம் தேவைப்படவில்லை. எனக்குத்தான் தேவைப்பட்டது. பிறகு தமிழில் சொன்னேன்.

"சூடு ஆறாம ஊத்தக் கூடாதாம். வீட்டுக்குள்ள வச்சு ஊத்தக் கூடாதாம். பக்கத்துல நெருப்பு இருக்கக் கூடாதாம். தாங்கிய முழுசா நெரப்பக் கூடாதாம், கொஞ்சம் எடம் விடணுமாம்."

"அப்ப மழ பேஞ்சா மெஷினுக்கு எங்க வச்சுச் சோறு ஊட்டுறது?" என்றார் மாமா. "அந்தப் பொஸ்தகம் எழுதுனவன் நம்ம மலையில வந்து ஒரு நா புல்லு வெட்டியிருக்கானான்னு கேட்டுச் சொல்லு, டீச்சரம்மா."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஒங்களுக்கு வாசிக்கத் தெரிஞ்சிருந்தா நீங்களே வாசிச்சிருப்பீங்க," என்றேன், அப்பாவைப் பார்த்து.

சிரிப்பு நின்றது. அப்போதுதான் அப்பா அந்தப் பெட்ரோல் கேள்வியைக் கேட்டார். மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்காகவா, அவருக்காகவா என்று இருவருக்குமே தெரியவில்லை. வீட்டுக்குள் வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இனிமே நானாக் கேட்டா மட்டும் சொல்லு."

சரி, கேட்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஆயுதபூசை வந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, சொரண்டி, கூடை எல்லாவற்றையும் கழுவி, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டுவது எங்கள் வழக்கம். பூசைக்கு வைக்கும் எதுவும் வெறுமையாக இருக்கக் கூடாது. குடத்தில் கழுத்து வரை தண்ணீர் இருக்கவேண்டும். படியில் அரிசி குவிந்திருக்கவேண்டும். அம்மா தன் கூடையில்கூட ஒரு கைப்பிடிக் கொழுந்து போட்டுத்தான் வைப்பார். வெறும் பாத்திரத்தை சாமி முன்னால் வைத்தால் வருடம் முழுக்க வெறுமைதான் என்பார்கள்.

அப்பா மெஷினைப் பூசைக்கென்று தோட்டத்து ஸ்டோரிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெளியே மழை. லயத்தின் முன்பக்கத்துத் திண்ணையை, இஸ்தோப்பை, நாங்கள் தகரம் அடித்து மூடியிருந்தோம். ஒரு கதவு மட்டும்தான். அதற்குள் மெஷினை வைத்துத் துடைத்தார். பிறகு கேனை எடுத்தார்.

"வெறும் வயித்தோட சாமி முன்னாடி நிக்க வைக்கலாமா?" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே ஊற்றினார். விளிம்பு வரை ஊற்றினார். மூடியைத் திருகியபோது ஓரமாகக் கசிந்தது. துணியால் ஒற்றி எடுத்தார். சந்தனம் பூசி, தாங்கியின் மேல் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.

நான் அடுப்படி வாசலில் பொரித் தட்டோடு நின்றேன். அந்தக் குங்குமப் பொட்டு கரைவதைப் பார்த்தேன். மூடியிலிருந்து மறுபடி கசிந்த பெட்ரோல் அதை ஒரு சிவப்புக் கோடாக இழுத்துக்கொண்டு கீழே வந்தது. வாடை மூக்கில் ஏறியது. அப்பா ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

நானும் சொல்லவில்லை.

ஒரு வார்த்தை போதும். "அப்பா, வேணாம்." அதற்கு உயர்தரம்கூடத் தேவையில்லை. ஆனால் அவர் கேட்கவேண்டும் என்று நின்றேன்.

கற்பூரத் தட்டை இரண்டாவது சுற்று சுற்றும்போது பற்றியது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. துணியை உதறினாற்போல ஒரு ஓசை, அவ்வளவுதான். தாங்கியின் மேலும் சிமெந்துத் தரையிலும் நெருப்பு ஓடியது. எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. எல்லா வீட்டிலும் அடுப்புக்கு மேலே விறகு காய்கிறது. ஒரு காம்பரா பிடித்தால் பன்னிரண்டும் போகும். அப்பா அதை யோசித்தாரா, தெரியாது. எரிகிற இன்ஜினை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, கதவைக் காலால் உதைத்துத் திறந்து, வாசலுக்கு அப்பால் மழைத் தண்ணீர் ஓடிய கானுக்குள் வீசினார்.

தரையில் மிச்சமிருந்ததை அம்மா ஈரச் சாக்கால் அடித்து அணைத்தார். நான் அப்பாவின் கைகளைப் பூசைக் குடத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்தேன். தண்ணீர் கழுத்து வரை இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வர நெடுநாள் ஆயிற்று. இரண்டு கைகளிலும் விரல்கள் உள்பக்கமாக மடங்கி, அப்படியே நின்றுவிட்டன. இனி விரியாது என்று சொல்லிவிட்டார்கள். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் பிடித்துத் தூக்குவார். பாதி சிந்தும். மலையிலிருந்து வந்து அம்மாதான் ஊட்டிவிடுகிறார். அப்பா என்னோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

லயத்தில் எல்லாரும் காரணம் கண்டுபிடித்தார்கள். குளிக்காமல் மெஷினைத் தொட்டிருப்பார் என்றார்கள். அம்மா தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார்.

"தலைக்கு ஊத்தாம பொரி வாங்கப் போனேன். அதான் சாமி இப்பிடிப் பண்ணிருச்சு."

"சாமி இல்லம்மா. பெட்ரோல். முழுசா ஊத்தினதால கசிஞ்சிருச்சு. நான் பாத்தேன்."

அம்மா அப்பாவுக்குப் பிசைந்த சோற்றோடு கையை அந்தரத்தில் நிறுத்தினார். "பாத்தியா? அப்ப ஏன் சொல்லல?"

பதினெட்டு வயது வரை எத்தனையோ பரீட்சையில் எத்தனையோ கேள்விக்கு விடை எழுதியிருக்கிறேன். இந்தக் கேள்விக்குக் கீழே சிந்திய பருக்கைகளைப் பொறுக்கினேன். அப்பா தலையைக் குனிந்து, சோற்றுக்காக வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.

ஒரு வருடம் போனது. மெஷினைத் திருத்தி ஸ்டோரில் வைத்தார்கள். இந்த ஆயுதபூசைக்குத் தோஷம் கழியவேண்டும் என்று லயத்தில் முடிவு செய்தார்கள். நான்கு மெஷின்களையும் கோயிலுக்கே கொண்டுபோய், வரிசையாக வைத்து, தாங்கி நிறைய ஊற்றிப் பெரிய பூசை போடுவதாம். அப்பா எரிந்ததிலிருந்து அவர்கள் படித்துக்கொண்டது இவ்வளவுதான்: ஊற்றியது போதவில்லை.

பக்கத்துக் காம்பரா மாமாதான் முன்னால் நின்று எல்லாம் செய்கிறார். அவரிடம் போய், தாங்கியில் ஊற்றவேண்டாம் என்று சொன்னேன். இந்த முறை புத்தகம் கொண்டுபோகவில்லை. ஆங்கிலமும் பேசவில்லை. கேட்டுவிட்டு மாமா பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"பெத்த அப்பன்ட்டயே சொல்லாதவ, எனக்கா சொல்ல வந்துட்ட?"

அம்மா சொல்லியிருக்கவேண்டும். லயம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு யாரிடம் போய் என்ன சொல்ல? இரண்டு நாள் முன்பள்ளிக்கும் போகவில்லை. கோயிலில் நான்கு மெஷின், நான்கு நிறைந்த தாங்கி, சுற்றிலும் பிள்ளைகள் நிற்கப்போகிறார்கள். அதில் பாதி நான் அ, ஆ சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகள். கண்ணை மூடினால் சிவப்புக் கோடு இறங்கியது.

மூன்றாம் நாள் காலை அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, மெஷின்லேர்ந்து தகட்ட மட்டும் எப்பிடிக் கழட்டுறது?"

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் எதையாவது கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது என்று யோசித்தேன். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் கேட்ட நினைவே இல்லை.

"எதுக்கு?"

"பூசைக்குத் தகடு போதும்ப்பா. இன்ஜின் ஸ்டோர்லயே இருக்கட்டும்."

முகத்தைச் சுவரிலிருந்து திருப்பாமலே சொன்னார். "எதிர்ப்பக்கம் திருப்பணும். மத்த நட்டு மாதிரி இல்ல. வழக்கமாத் திருப்புனா இன்னும் இறுகிரும்." மடங்கிய கையை மடியிலிருந்து தூக்கி, அந்தப் பக்கம் மெல்லத் திருப்பிக் காட்டினார். அவர் என்னை மன்னித்தார் என்று நான் எழுதமாட்டேன்.

ஸ்டோர் சாவி கண்டாக்கையாவிடம் இருக்கும். மலையில் வேலையை மேற்பார்க்கிறவர் அவர்தான். அவரிடம் போய்ச் சாவியைக் கேட்டேன்.

"பூசைல கை வைக்கச் சொல்றியா என்னைய? ஆளுங்க என்னத் தோலுரிச்சிருவாங்க."

"ஆயுதம்னா வெட்டுறதுதானேங்க ஐயா. இன்ஜினா வெட்டுது? தகடுதானே வெட்டுது. தகடு நாலும் கோயிலுக்குப் போயிரும்."

"நாளைக்குத் தகடு கழண்டு ஒருத்தன் கால்ல விழுந்தா?"

"நானே மாட்டித் தர்றேன். இறுக்கினது நான்னு எழுதிக் கையெழுத்து வச்சுத் தர்றேன்."

அவர் நம்பிச் சாவியைக் கொடுத்ததாகத் தெரியவில்லை. எழுதிக் கையெழுத்து வைக்கிறேன் என்றதும் கொடுத்தார்.

இன்று ஆயுதபூசை. காலையிலேயே ஸ்டோருக்குப் போனேன். மெஷின்களை வெளியே கொண்டுவந்து, இன்ஜின் தற்செயலாகக்கூடக் கிளம்பாதபடி ஒவ்வொன்றிலும் பிளக் வயரை முதலில் கழற்றினேன். அது புத்தகத்தில் இருந்தது. பிறகு நட்டை எதிர்ப்பக்கம் திருப்பினேன். அது அப்பா சொன்னது. எரிந்த மெஷினில் நட்டு இறுகிக் கிடந்தது. உள்ளங்கை தோலுரியும் வரை திருப்பித்தான் அசைந்தது. இன்ஜின்களை உள்ளே வைத்துப் பூட்டினேன்.

கோயில் படியில் மாமா கற்பூரத்தோடு நின்றார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சோப்பு போட்டுக் கழுவிய நான்கு தகடுகளையும் சாமி முன்னால் இருந்த தாம்பாளத்தில் வைத்தேன். அம்மா கொடுத்துவிட்ட கொழுந்தை அவற்றின் மேல் குவித்தேன். வெறுமையாக இருக்கக் கூடாதல்லவா. ஸ்டோர் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, தாம்பாளத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.