இரண்டாவது பெட்டி

பிள்ளைகளே, சின்ன வயதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால் நான் ஒருவரை அழவைத்த கதை இது.

அப்போது நாங்கள் வெளிநாட்டில், வென்ட்வேர்த்வில்லில் ஒரு பிளாட்டில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. எதிர்வீட்டில் ஓர் அன்ரி தனியாக இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இந்து. அவருடைய ஒரே தம்பி வன்னியில் இருந்தார். 2009இல் அங்கே யுத்தம் முடிந்தது. தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. செத்தவர்களின் பெயர்களிலும் இல்லை, முகாமில் இருந்தவர்களின் பெயர்களிலும் இல்லை. அன்ரி வேலைக்குப் போவதை நிறுத்தினார். பிறகு சமைப்பதையும் நிறுத்தினார். அவருடைய குசினியில் சத்தமே இல்லை என்பதை என் உம்மாதான் கவனித்தார்.

உம்மா சோறும் பருப்பும் பெட்டியில் போட்டு, "அன்ரியிட்ட குடுத்திட்டு வாங்க மகன். ஒண்டும் கதைக்க வேணாம்" என்றார்.

கதைக்காமல் வர என்னால் முடியுமா? அந்தக் கிழமைதான் குர்ஆன் வகுப்பில் ஹஸ்ரத் சொல்லித் தந்திருந்தார்: சாவு நடந்த மையத்து வீட்டில் துக்கத்தோடு இருக்கிறவர்களை அடுப்படியில் நிற்க விடக்கூடாது, அயலவர்தான் மூன்று நாள் சாப்பாடு அனுப்ப வேண்டும். படித்ததைக் காட்ட எனக்கு நல்ல சந்தர்ப்பம். அன்ரி கதவைத் திறந்ததும் சொன்னேன்.

"மையத்து வீட்டுக்கு மூண்டு நாள் நாங்கதான் சோறு தரோணும், அன்ரி."

பெட்டியை வாங்க நீட்டிய கையை அன்ரி இழுத்துக்கொண்டார்.

"ஆர் செத்தது?"

பதில் தெரிந்த பிள்ளை மாதிரி நான் சொன்னேன்: "உங்கட தம்பி."

அவர் கதவை மெல்லச் சாத்தினார். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது.

சோற்றோடு திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். உம்மா அடிக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து, "அவ இன்னும் தம்பி வருவாரெண்டு பாத்துக்கொண்டு இருக்கிறா மகன். எந்த நாளில இருந்து நீ மூண்டு எண்ணுவாய்?" என்று மட்டும் கேட்டார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. மூடின கதவைப் பார்த்தே பேசினார்.

"தங்கச்சி, புள்ள தெரியாமச் சொல்லிட்டான். உங்கட தம்பிக்கு என்ன கறி விருப்பம்?"

பிறகு கதவு கொஞ்சமாகத் திறந்தது.

"மீன்குழம்பு, அக்கா. புளி கூட விடோணும் அவனுக்கு."

அடுத்த நாள் உம்மா புளி கூடுதலாக விட்டு மீன்குழம்பு வைத்து, இரண்டு பெட்டியில் சோறு போட்டார். அந்தத் தம்பிதான் இங்கே இல்லையே, எதற்கு இரண்டாவது பெட்டி என்று கேட்டேன். "கொண்டு போ" என்றார். இந்த முறை நான் வாயே திறக்கவில்லை. அன்ரி இரண்டையும் வாங்கினார். ஒன்றைத் திறந்து, என் கண்முன்னே ஒரு வாய் சாப்பிட்டார். மற்றதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார்.

மூன்று நாள் போனது. மூன்று மாதமும் போனது. உம்மா நிறுத்தவில்லை. தினமும் பின்னேரம் அன்ரி பெட்டிகளைத் திருப்பித் தருவார். ஒன்று கழுவி வெறுமையாக இருக்கும். மற்றது கொண்டுபோன கனத்திலேயே இருக்கும். அந்தச் சோற்றைச் சூடாக்கி உம்மா எனக்குத் தருவார். அவருடைய தம்பி வராத ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு மீன்துண்டு கூடுதலாகக் கிடைத்தது. விரல் சூப்பிச் சாப்பிட்டேன். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை உம்மா ஏன் ஜன்னல் பக்கம் திரும்பியே நின்றார் என்று ஒருநாளும் கேட்கவில்லை.