கடைசிப் பக்கத்தில் நின்ற மனிதர்

காலை ஆறு மணிக்குக் கொழும்பில் பஸ் ஏறும்போது என் மகள் கயல் இரண்டு கட்டளைகள் போட்டாள். நான் எழுத்தாளன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது. ஜோக் அடிக்கக் கூடாது. முதலாவது சுலபம். நான் எழுதுகிறேன் என்பது திருச்சியில் என் தெருவுக்கே தெரியாது. இரண்டாவதுதான் சங்கடம். முப்பது வருடமாக அதை வைத்துத்தான் அடுப்பு எரிகிறது.

கயல் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரையும் படிப்பில் கடைசி வருடம். தேர்வுக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம், வீடில்லாமல் போனவர்கள். முப்பத்திரண்டு பக்கப் படப் புத்தகம். முதலில் கடல் அலை, பிறகு கூடாரம், பிறகு போர், பிறகு இன்னொரு கூடாரம், கடைசிப் பக்கத்தில் புது வீடு. வீடில்லாதவர்களைப் பற்றிய முப்பத்தொரு பக்கங்களையும் எங்கள் வீட்டு மாடியறையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வண்ணம் தீட்டி முடித்துவிட்டாள். கடைசிப் பக்கம் மட்டும் பென்சில் கோடாக இருந்தது. சுனாமியில் வீடு போனவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டை நேரில் பார்க்காமல் அதைத் தொட மாட்டாளாம். பக்கத்துக்குப் பத்து வார்த்தை எழுதித் தருவதும், பெட்டி தூக்குவதும் என் பொறுப்பு. இரண்டில் பெட்டியைத்தான் அவள் நம்பி ஒப்படைத்தாள்.

மட்டக்களப்புக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட் ஐந்நூறு ரூபாய், இலங்கைப் பணத்தில். போர் முடிந்து ஒரு வருடம் கடந்திருந்தது. அலை வந்து ஐந்து வருடம் கடந்திருந்தது. பொலன்னறுவை தாண்டியதும் எல்லோரையும் இறக்கிப் பைகளைத் திறக்கச் சொன்னார்கள். இளம் சிப்பாய் ஒருவன் கயலின் மாதிரிப் புத்தகத்தைப் பிரித்தான். அலைப் பக்கத்தில் நின்றான். பக்கத்திலிருந்தவனைக் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு போர்ப் பக்கம் வந்தது; அதில் அவனைப் போலவே ஒரு சிப்பாய் நின்றிருந்தான். அவன் புத்தகத்தை மூடி, தூசியைத் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தான். ஜோக் அடிக்கக் கூடாது என்ற கட்டளையைச் சிரமமில்லாமல் கடைப்பிடித்த முதல் இடம் அது.

பிற்பகல் மூன்று மணி. வாழைச்சேனை, செங்கலடி, ஏறாவூர் எல்லாம் ஜன்னலில் ஓடி முடிந்து, வலப்பக்கம் வாவி வந்து சேர்ந்தது. கடலா, ஏரியா என்று தானே தீர்மானிக்காத தண்ணீர். நடுவில் ஒருவர் தோணியில் நின்றபடி வலை வீசிக்கொண்டிருந்தார். நகரத்துக்குள் அதே தண்ணீர் இன்னும் நாலு தெருமுனையில் எதிர்ப்பட்டது. ஒரு பாதிரியார் நடத்தும் விடுதியில் அறை, ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு. மெத்தை போதாதென்று இன்னொரு தலையணை கேட்டு வாங்கினேன். வந்த காரியம் என்னவென்று ஞாபகம் வந்ததும் திருப்பிக் கொடுத்தேன். கயல் அதை வாங்கித் தன் தலைக்கு வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு யோகன் ஆட்டோவோடு வந்தார். முப்பது வயதிருக்கும். அரை நாளுக்கு அறுநூறு ரூபாய் பேசியிருந்தது. வீடு பார்க்கவேண்டும் என்றதும், "வாங்கப் போறீங்களா?" என்றார்.

"வரையப் போறோம்."

"அப்ப என்ட மாமிட வீட்ட வரைங்க. சுனாமி வீட்டுத் திட்டத்திலயே துப்பரவான வீடு அதுதான். மாமியே உள்ளுக்க இரிக்கிறல்லே!"

தன்னாமுனை தாண்டி ஒரு மணல் பாதையில் திரும்பினோம். ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாக நின்றன. ஒரு வெளிநாட்டு நிறுவனம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனதாம். யோகனின் மாமி புவனம் வீடு ஓடு போட்டு, மஞ்சள் அடித்து, கதவு சாத்தி நின்றது. அதன் பின்புறம் தகரமும் தென்னங்கிடுகும் வைத்துக் கட்டிய கொட்டில் ஒன்றிலிருந்து புகை வந்தது. புவனம் அங்கிருந்துதான் வெளியே வந்தார். நாற்பத்தைந்து வயது, நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் தாலி, கையில் அகப்பை.

"வாங்க, இரிங்க. ஓய் யோகா, ஆக்கள் வாறதெண்டா முன்னுக்குச் சொல்ல மாட்டியா? தேங்கா கூடத் துருவல்ல."

"சொன்னா ஒளிச்சிருவீங்க மாமி."

எனக்கு உடனே ஒரு கட்டுரை தோன்றிற்று. நல்ல வீட்டைக் கொடுத்தால் அதில் வாழத் தெரியாமல் கொட்டில் கட்டிக்கொள்ளும் ஜனங்கள், நன்கொடையின் அபத்தம், மூன்று பத்தி, நடுவில் இரண்டு சிரிப்பு. வாயைத் திறந்து, "ஏம்மா, வீட்டைப் பாத்து வாட்ச்மேன் மாதிரி பின்னாலயே இருக்கீங்களே?" என்றும் கேட்டுவிட்டேன். கயல் என் காலை மிதித்தாள்.

"அது மகள்ற வீடு அண்ணன்," என்றார் புவனம். நான் கேட்ட கேள்விக்கு வேறு பதில் இருக்க முடியாது என்பதுபோல.

யோகன் விளக்கினார். இங்கே வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவார். தாயும் தகப்பனும் வீட்டைச் சுற்றிய வளவுக்குள்ளேயே ஒரு சின்னக் குடிலுக்கு மாறிக்கொள்வார்கள். புவனத்துக்கு அவர் தாய் கொடுத்த வீடு கடற்கரையில் இருந்தது. தாய்க்கு அவர் தாய் கொடுத்தது. மகள் சுகந்திக்கு அடுத்த சில மாதங்களில் கல்யாணம் பேசியிருப்பதால் புவனம் முன்கூட்டியே கொட்டிலுக்கு மாறிவிட்டார்.

"கடல் வந்தப்ப எப்படிம்மா…" என்று கயல் தொடங்கினாள்.

"வீடு இருந்த இடத்தில கிணறு மட்டும் நிண்டது பிள்ள. கட்டில், பெட்டி, கூரை ஒண்டுமில்ல. எங்கட வீடு எது, பக்கத்து வீடு எதெண்டு கிணத்த வச்சித்தான் பிடிச்சம். பிறகு கடலுக்குக் கிட்டக் கட்ட ஏலாதெண்டுட்டாங்க. ரெண்டு வருசம் கூடாரம். மறுகா இந்த வீடு."

கயல் மாதிரிப் புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அலையைப் பார்த்து, "இவ்வளவு நீலமில்ல. கறுப்பு. சேத்து மணம்," என்றார். கூடாரத்தைப் பார்த்து, "வெக்கைய எப்பிடி வரையிற?" என்று சிரித்தார். சுகந்தியும் வீட்டுப் பக்கமிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். இருபது வயது, தையல் கடையில் வேலை. தாயின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. "படம் போட்டாச் சம்பளம் தருவாங்களா அக்கா?" என்று கயலைக் கேட்டாள். "வேலை கிடைச்சாத்தான்," என்றாள் கயல். "அப்ப தையலே பரவால்ல," என்றாள் அவள்.

கடைசிப் பக்கம் வந்தது. புது வீடு. வாசலில் அம்மா, ஒரு பெண், லுங்கி கட்டிய அப்பா. அப்பா கையில் சாவி.

புவனத்தின் விரல் அந்த ஆள்மேல் நின்றது.

"இவர எங்க கண்டீங்க?"

அவர் குரல் மாறியிருந்தது. கயலுக்குப் புரியவில்லை. "சும்மா… கற்பனைம்மா," என்றாள்.

"இல்ல, சாரனக் கட்டின விதம் அவர்ர மாதிரியே இரிக்கு. அதான் கேட்டன். எங்கயும் கண்டீங்களோ எண்டு."

சுகந்தி எழுந்து உள்ளே போய்விட்டாள். யோகன் என்னைத் தனியே ஆட்டோப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார். வாவிக்கு மறுகரையில் சண்டை நடந்த வருடம், வலை பின்ன நைலான் நூல் வாங்கிவரப் புவனத்தின் கணவர் ஒரு காலையில் செங்கலடிக்குப் போனார். பதினைந்து கிலோமீட்டர் இருக்காது. இன்னும் வரவில்லை. பிடித்தது யார், எங்கே என்று எந்தப் பக்கமும் சொல்லவில்லை.

இனி வருவது அவர் சொன்னதிலேயே என்னை உறைய வைத்த விஷயம். வீட்டைக் கொடுத்த நிறுவனம் உறுதிப் பத்திரத்தைக் குடும்பத் தலைவர் பேரில் எழுதியது. தலைவர் என்றால் ஆண். அப்போதே புவனம், இது தாய் தந்த வீட்டுக்கு ஈடு, என் பேரில் எழுதுங்கள் என்று கேட்டாராம். எழுத வந்த பெண் சிரித்துவிட்டு, எல்லாம் ஒன்றுதானே அம்மா என்றாளாம். இப்போது வீடு காணாமல் போனவர் பேரில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் தை மாதத்துக்குள் அது சுகந்தி பேருக்கு வரவேண்டும் என்கிறார்கள். அதற்கு ஒரே வழி, கணவர் இறந்துவிட்டார் என்று புவனம் கையெழுத்துப் போட்டு மரணச் சான்றிதழ் எடுப்பது.

"எப்ப?"

"இண்டைக்குத்தான். பதினொரு மணிக்கு. உங்கள இறக்கிட்டு மாமிய ஏத்த வேணும். தாயும் மகளும் கதைச்சி ரெண்டு வாரமாகுது. அப்பாவச் சாகக் குடுத்து எனக்கு வீடு ஒண்ணா, வேணாமெண்டு நிக்கிறாள்."

பத்தரைக்கு ஒரே ஆட்டோவில் கிளம்பினோம். புவனம், கயல், நான். சுகந்தி வரவில்லை. வழியெல்லாம் புவனம் சந்தையில் கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசினார். நான் திருச்சி விலையைச் சொன்னேன். வாழ்க்கையில் இத்தனை அக்கறையோடு நான் கத்தரிக்காயைப் பற்றிப் பேசியதில்லை.

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் விசிறி ஓடிற்று, வரிசை ஓடவில்லை. வரிசையில் எல்லோரும் பெண்கள். அநேகமாக எல்லோர் கையிலும் ஒரு ஆணின் புகைப்படம். இத்தனை பேர் இதே காரியத்துக்கு வந்திருக்கிறார்கள் என்பது உறைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கயல் பையிலிருந்து பென்சிலை எடுத்தாள், பார்த்தாள், திரும்பப் போட்டாள்.

புவனத்தின் முறை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்தார். கெட்டவராகத் தெரியவில்லை, களைத்தவர்.

"மரணச் சான்றிதழுக்கு வந்திரிக்கிறீங்க. பொட்டோட வந்திரிக்கிறீங்களே?"

"கையெழுத்துத்தானே கேட்டீங்க," என்றார் புவனம். "பொட்டையுமா கேட்டீங்க?"

அவர் பேனாவை நீட்டினார். புவனம் வாங்கி, இடம் எது என்று கேட்டு, நிதானமாக எழுதினார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக. எழுதி முடித்துவிட்டு, வரிசையில் பின்னால் நின்றவளிடம், "மை மட்டம் கா, அழுத்தி எழுது," என்றார்.

வெளியே ஒரு கடையில் பால் விடாத பிளேன்டீ குடித்தோம், ஒன்று பதினைந்து ரூபாய். கயல் அதுவரை அடக்கி வைத்திருந்ததைச் சொன்னாள்.

"அம்மா, மன்னிச்சிருங்க. அந்தப் படத்துலேர்ந்து அவரை எடுத்துடறேன்."

புவனம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒண்ணா மகள், வேணாம். இப்பத்தான் நான் ஒருக்கா எடுத்துப்போட்டு வாறன். நீங்களும் எடுக்காதங்க."

நான் ரோட்டைப் பார்த்தேன். யோகன் வண்டியின் கண்ணாடியை, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை, மறுபடி துடைத்தார்.

திரும்பியபோது சுகந்தி வாசலில் நின்றாள். "போட்டீங்களா?" என்றாள். "ஓம்," என்றார் தாய். சுகந்தி வீட்டுக்குள் போகாமல் கொட்டிலுக்குப் போய், துருவாமல் கிடந்த தேங்காயை எடுத்துத் துருவத் தொடங்கினாள். கயல் கொட்டிலுக்குள் உட்கார்ந்து வரைந்தாள். உள்ளே இடம் தாராளம். "ஒருத்தருக்கு இவ்வளவு பெரிசா கட்டியிருக்கீங்களே," என்றாள், கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல்.

"ஆர் சொன்ன ஒராளுக்கெண்டு?" என்றார் புவனம். "மகளுக்கு வீட்டக் குடுத்தா நாங்க ரெண்டு பேரும்தானே இஞ்ச வரணும்."

துருவும் சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது.

அடுத்த நாள் காலை ஐந்தரை பஸ்ஸில் கொழும்பு, அங்கிருந்து விமானம், திருச்சி. பயணத்தில் கயல் வரையவில்லை, நானும் எழுதவில்லை. கடைசிப் பக்கத்துக்கான பத்து வார்த்தைகளை அவள் கேட்கவில்லை என்பதே எனக்கு உபகாரமாக இருந்தது.

நண்பர்கள், மட்டக்களப்பில் மீன் பாடுமாமே, கேட்டாயா என்று விசாரிக்கிறார்கள். கேட்கவில்லை. எங்கள் ஊரோடு ஒப்பிட்டு ஏதாவது சொல் என்கிறார்கள். சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து மணி அடித்தோம். என் மனைவி கதவைத் திறந்தாள். "வந்தாச்சா? வர்ற வழியில பால் வாங்கிட்டு வந்திருக்கலாம்ல," என்று சொல்லிவிட்டு டிவிக்குத் திரும்பினாள். போனவர்கள் வருவார்கள் என்பதில் அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

பெட்டியை வைத்துவிட்டு நான் பால் வாங்கக் கிளம்பினேன். கடை தெருமுனையில். செருப்பை மாட்டும்போது பின்னால் காலடிச் சத்தம்.

"இருங்கப்பா," என்றாள் கயல். "நானும் வரேன்."

பிறந்ததிலிருந்து அவள் பால் வாங்க என்னோடு வந்ததே கிடையாது.