தளும்பாத கிளாஸ்

உலிஸ் ஜெக்கியே தினமும் காலையில் ஒரு கண்ணாடி கிளாஸில் விளிம்பு முட்டத் தண்ணீர் ஊற்றுவான். அதை வலது கையில் ஏந்திக்கொண்டு அடுப்படியிலிருந்து வாசற்கதவு வரை நடப்பான், திரும்பி வருவான். பிறகு குனிந்து தரையைப் பார்ப்பான். ஒரு சொட்டும் சிந்தவில்லை என்றால் அன்றைக்கு அவனுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதன் பிறகுதான் காப்பி, ரொட்டி, தார்ச் சுரங்கத்து வேலை எல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வருவான். வந்தால் உட்கார மாட்டான். சூப்பு ஆறுவதற்குள் நாலு தரம் எழுந்து ஜன்னலுக்குப் போவான், கைவிரல்களை வெளிச்சத்தில் நீட்டிப் பார்ப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உக்காந்து தின்னுய்யா, நாற்காலி உன்னைக் கடிக்காது" என்பேன். அரைக் கரண்டி குடித்துவிட்டு மறுபடி எழுந்துவிடுவான்.

அவன் அப்பா நூமா ஜெக்கியேதான் காரணம். எங்கள் ஊர் கூவேயில் நூமாவின் கதை தெரியாதவர் கிடையாது. கடிகாரத் தகடுகளுக்குத் தங்க முலாம் பூசும் பட்டறையில் வேலை பார்த்தவர். தினம் சாயங்காலம் இரண்டு கிளாஸ் அப்சிந்த் சாராயம் குடிப்பார். அந்தக் காலத்தில் எல்லோரும் குடித்ததுதான், பாதிரியார் உட்பட. ஆனால் நூமாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. பிறகு தலை. பிறகு காரணமில்லாமல் அழுகை, கத்தல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில், அவருக்கு நாற்பத்தேழு வயதில், இரண்டு பேர் வந்து பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அடுத்த வருஷம் நாடு முழுக்க அந்தச் சரக்குக்குத் தடை வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "நூமாவைப் பாத்துத்தான் தடையே போட்டாங்க" என்று உலிஸின் காது படவே பேசினார்கள். அப்பாவைக் கூட்டிப் போனபோது அவனுக்கு ஏழு வயது.

நான் ஒர்த்தான்ஸ் லேயூபா. தடை போட்ட அந்தச் சரக்கை என் வீட்டுச் சலவை அறையில் காய்ச்சி விற்றவள். எங்கள் பள்ளத்தாக்கில் அதற்கு நீலி என்று பெயர். கசப்புத் தழையும் சோம்பும் கொதித்தால் வாசனை மூன்று தெரு போகும். அதனால் திங்கட்கிழமைதான் காய்ச்சுவேன். அன்றைக்கு எல்லா வீட்டிலும் துணி வேகும், தெரு முழுக்க ஆவி. கூடவே ஒரு அண்டா முட்டைக்கோஸையும் ஏற்றிவிடுவேன். எங்கள் போலீஸ்காரர் வாசலில் நின்று, "என்ன ஒர்த்தான்ஸ், இந்த வாரமும் முட்டைக்கோஸா? வயிறு தாங்குமா?" என்று கேட்டுவிட்டுப் போவார். கிறிஸ்துமஸுக்கு அவருக்கும் ஒரு பாட்டில் உண்டு.

நீலி குடித்தால் பேய் பிடிக்கும், பச்சைத் தேவதை கண்ணில் தெரிவாள் என்று வெளியூர்க்காரர்கள் எழுதினார்கள். நான் தினமும் ருசி பார்ப்பவள். ஒரு தேவதையும் வரவில்லை. நாக்கு லேசாக மரத்துப் போகும், பேச்சு கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். முழு பாட்டிலையும் கவிழ்த்தவனுக்கு எது தெரிந்தாலும் அது பாட்டிலின் குற்றமில்லை.

உலிஸிடம் இதைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில், அவனுக்கு முப்பது, எனக்கு இருபத்துநாலு. நானே கேட்டுவிட்டேன்.

"மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை சூப்பு குடிக்கற. கல்யாணம்னா மட்டும் மலையப் பாக்கற. என்னய்யா, என்னைப் பிடிக்கலயா?"

"நாப்பத்தேழு தாண்டட்டும், ஒர்த்தான்ஸ்."

"எது தாண்டணும்?"

"என் வயசு. அப்பாவைக் கூட்டிட்டுப் போனப்ப அவருக்கு நாப்பத்தேழு. நீலி குடிச்சவன் பிள்ளைக்கு அது ரத்தத்துலயே வந்துடும்னு டாக்டருங்களே எழுதியிருக்காங்க. உன்னைக் கட்டிக்கிட்டு, ரெண்டு பிள்ளையும் பெத்துட்டு, ஒருநாள் நான் கோடாலியத் தூக்கினா?"

"விறகு பிளக்கவே நீ கோடாலியத் தூக்க மாட்ட, சோம்பேறி."

அவன் சிரிக்கவில்லை. கையை நீட்டி விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்தது. வேறொருவனைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். பாலாடைக்கட்டிக்காரன் ஒருவன் இரண்டு தரம் கேட்டனுப்பினான். நல்லவன், உட்கார்ந்த இடத்தில் உட்காருகிறவன். எனக்கு அந்த உட்காராத மனுஷனைத்தான் பிடித்திருந்தது. என்ன செய்ய?

பதினேழு வருஷம் போனது. என் தோழிகளின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்தார்கள். அவன் தன் அப்பாவைப் பற்றி அந்த ஒரு தடவைக்கு மேல் பேசவில்லை. நானும் என் அப்பாவைப் பற்றிப் பேசியதில்லை. எனக்கும் மறைக்க ஒன்று இருந்தது.

என் அப்பா கோன்ஸ்தான் லேயூபா மதுவிலக்குச் சங்கத்துத் தலைவர். வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை என்று தேவாலயத்தில் எழுந்து நின்று சொல்வார். நூமாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி எழுதிய மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. கூட்டத்துக்குக் கூட்டம் நூமாவின் நடுங்கும் கையை நடித்துக் காட்டி, "பாருங்கள், அந்தப் பாட்டில் மனிதனை என்ன செய்கிறது" என்பாராம்.

சில வருஷத்தில் அவருக்கு நடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அவர் கையும் நடுங்கியது. என் அம்மா அவரை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். ஊருக்கு நெஞ்சு நோய் என்று சொன்னாள். எனக்கு எட்டு, ஒன்பது வயது. நான்தான் அவருக்குச் சூப்பு ஊட்டுவேன். கரண்டி பல்லில் பட்டுக் கடகடவென்று அடிக்கும். யாராவது கதவைத் தட்டினால் அவர் ஓடிப்போய் அலமாரிக்குப் பின்னால் நின்றுகொள்வார். எனக்குப் பதினொரு வயதாகும்போது இறந்தார். சவப்பெட்டி மூடிய அன்று அம்மா என்னைப் பிடித்து உலுக்கினாள்.

"நடுக்கம்னு வெளிய ஒரு வார்த்த வந்துச்சு, உன் அப்பா திருட்டுத்தனமா குடிச்சாருன்னு ஊரே சிரிக்கும். நெஞ்சு நோய். சொல்லு."

"நெஞ்சு நோய்."

ஊர் சிரிப்பது இருக்கட்டும், நானே அப்படித்தான் நம்பினேன். நடுங்கினால் குடிகாரன். எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த பாடம் அது. விறகுக் கொட்டகை, மெத்தைக்கு அடி, கடிகாரப் பெட்டி எல்லாம் துழாவி அப்பாவின் பாட்டிலைத் தேடினேன். கிடைக்கவில்லை. கெட்டிக்காரர், நன்றாக ஒளித்திருக்கிறார் என்று நினைத்தேன். வளர்ந்ததும் நானே காய்ச்சத் தொடங்கியதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம். ஒளிந்து குடித்தவரைவிடத் துணிந்து காய்ச்சுகிறவள் மேல் என்று எனக்கு ஒரு திமிர்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் மார்ச் மாதம் உலிஸுக்கு நாற்பத்தேழு முடிந்தது. மத்தியானம் வந்தான். கையோடு கொண்டுவந்த கிளாஸில் தண்ணீர் நிரப்பி என் வீட்டுக்குள் மூன்று நடை நடந்தான். தரை காய்ந்தே இருந்தது.

"ஊத்து," என்றான்.

"எதை?"

"உன் நீலியத்தான். அப்பா குடிச்சது என்னன்னு ஒரு வாய் பாத்துடறேன். அப்புறம் பாதிரியார்கிட்ட போலாம்."

நல்ல கிளாஸாகப் பார்த்து எடுத்து ஊற்றினேன். கூஜாவிலிருந்து சொட்டுச் சொட்டாகக் குளிர்ந்த தண்ணீர் விட்டேன். தெளிந்திருந்த சரக்கு மெல்ல வெள்ளையாய்க் கலங்கியது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே, நாற்பது வருஷமாகப் பேசாததைப் பேசத் தொடங்கினான்.

"அப்பா கடைசியில ரொம்ப வெட்கப்படுவாரு. யாரு வந்தாலும் கதவுக்குப் பின்னால போய் நிப்பாரு. ஈறு கறுத்துப் போச்சு. ஆனா தமாஷ் விடமாட்டாரு. பட்டறையில ஒரு பூனை இருந்துச்சு. அதுவும் நடுங்கிக்கிட்டு கோணக்கோண நடக்கும். 'பாருடா, இதுவும் நீலி போட்டிருக்கு'ன்னுவாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால். கறுத்த ஈறு. பூனை. பூனை எந்தச் சாராயக் கடையில் போய் உட்கார்ந்தது?

"உலிஸ், அந்தப் பட்டறையில உங்கப்பா பக்கத்துல யாரு உக்காந்திருந்தா?"

"உங்கப்பாதான். ஒரே மேசை. தெரியாத மாதிரி கேக்கற?"

தெரியும். தெரிந்தும் ஒருநாளும் இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துத் தகட்டில் பூசி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் புகையாகப் போய்விடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் அந்தப் பட்டறையில் ஜன்னல் திறந்ததே கிடையாது. குடித்தவரும், குடிக்காதவரும், பூனையும் ஒரே புகையைத்தான் மூச்சில் இழுத்தார்கள்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவன்தான் பாதிரியாரிடம் போகலாம் என்று சொல்லிவிட்டானே. ஆனால் நூமாவின் மேல் கிடந்த பழி என் வீட்டு மௌனத்தால் கிடந்தது. சொல்லிவிட்டேன். கரண்டி, அலமாரி, நெஞ்சு நோய், எல்லாவற்றையும்.

அவன் என் பக்கம் திரும்பினான்.

"உங்கப்பாவுக்கும் கை நடுங்குச்சா?"

"ஆமா."

"ஒனக்கு முப்பது வருஷமா தெரியும்."

"நடுங்குனது தெரியும். ஏன்னு தெரியாது. அவரும் குடிச்சாருன்னுதான்..."

"ஏன்னு தெரிய வேணாம், ஒர்த்தான்ஸ். நடுங்குச்சுன்னு சொல்லியிருந்தாலே போதுமே. மீதியை நான் கண்டுபிடிச்சிருப்பேனே."

கிளாஸைத் தொடாமல் எழுந்து போய்விட்டான். ஆற்றோரமாக வேகமாக நடந்து போவது ஜன்னலில் தெரிந்தது. அந்த வாரம் முழுக்க நான் உட்காரவில்லை. அவனுடைய வியாதி எனக்குத் தொற்றிக்கொண்டது. அடுப்புக்கும் கதவுக்கும் நடந்தேன். செத்துப்போன அம்மாவை வாய்விட்டுத் திட்டினேன். எனக்கு நாற்பத்தொரு வயது. நான் பெறாமலே போன பிள்ளைகள் எத்தனை என்று எண்ணினேன், பிறகு எண்ணுவதை நிறுத்தினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். டாக்டரிடம் போய்க் கேட்டிருக்கிறான். அவர் முழுவதும் கேட்கக்கூட இல்லையாம், "பாதரசம்" என்றாராம். உலிஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். நான் புதிதாக ஒரு கிளாஸ் ஊற்றித் தண்ணீர் விட்டேன். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தான்.

"இதுக்கா ஒரு நாடே பயந்துச்சு? இருமல் மருந்து மாதிரி இருக்கு."

"எங்கிட்ட சூப்பு குடிக்கலாம், திட்டு வாங்கலாம். என் நீலியக் கொற சொன்னா வெளிய போயிடு."

போகவில்லை. மே மாதம் கல்யாணம் செய்துகொண்டோம். பயம் போய்விட்டது என்றான். ஆனால் மறுநாள் காலையில் கண் விழித்துப் பார்த்தால், கையில் முட்ட நிரம்பிய கிளாஸோடு கதவை நோக்கி நடந்துகொண்டிருக்கிறான். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். நாலாம் நாள் நான் கதவோரம் போய் நின்றேன். பக்கத்தில் வந்ததும் முழங்கையில் ஒரு தட்டு தட்டினேன். பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது.

உலிஸ் அசையாமல் நின்றான். முகம் வெளுத்துவிட்டது. ஈரத் தரையையே பார்த்தான். ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருந்தான். நானும் கூடவே நின்றேன். தெருவில் பால் வண்டி போயிற்று.

"அவ்வளவுதானா?" என்று கேட்டான்.

"அவ்வளவுதான்," என்றேன். துணி எடுத்துவந்து இருவருமாகத் தரையைத் துடைத்தோம்.