அத்தான் சதை போட்ட கதை

பழைய வீடியோ பிளேயரைப் புது தட்டை டிவியோடு சேர்த்து வைப்பதுதான் என் வீட்டுக்காரருக்குத் தொழில். பிளேயரிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஒயர் வரும். புது டிவியில் அதைச் சொருக ஓட்டையே இருக்காது. நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கன்வர்ட்டரை மாட்டி இரண்டையும் பேச வைப்பார். என்னோடு பேசத்தான் அவருக்கு நேரம் இருக்காது.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. பழைய படம் கிட்டத்தட்டச் சதுரம், புது டிவியோ அகலம். சரியாக வைத்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். காசு கொடுத்த டிவி வீணாகக் கூடாதென்று சனங்கள் படத்தை இழுத்து நிரப்பிக்கொள்வார்கள். எல்லார் முகமும் பூசணிக்காயாகிவிடும். இவருக்கு அது பொறுக்காது. பல் ஆஸ்பத்திரியில்கூட யாரையும் கேட்காமல் ரிமோட்டை எடுத்துச் சரிசெய்வார். மானம் போவது எனக்கு.

இவருடைய அக்கா புருஷனான அத்தான், எங்கள் கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் வயிற்று நோயில் போய்ச் சேர்ந்தவர். அவர் நடமாடுகிற ஒரே படம் எங்கள் கல்யாண கேசட். நாத்தனாரின் பழைய டிவி செத்ததிலிருந்து அதைப் போட வழியில்லை.

"அவரு மூஞ்சி மறந்துடுமோன்னு பயமா இருக்குடா" என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஊருக்கெல்லாம் மாட்டிவிட்டு, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தார் இந்த மகராசன்.

கன்வர்ட்டரை மாட்டியதும் படம் இழுபட்டுத்தான் வந்தது. அத்தான் தண்ணீர் ஜாடியோடு பந்தியில் போனார், புஷ்டியாக, கன்னம் உப்பி. மணப்பெண்ணான நான் பீரோ அகலத்தில் இருந்தேன்.

இவர் உடனே ரிமோட்டை அமுக்கினார். கறுப்புப் பட்டை வந்தது. அத்தான் ஒட்டிய கன்னத்தோடு எலும்பும் தோலுமாக நின்றார்.

"முன்னாடி இருந்த மாதிரியே வைடா" என்றாள் நாத்தனார்.

"அது தப்புக்கா. அத்தானோட மூஞ்சியே இல்ல அது. இதுதான் சரி."

"எனக்குத் தெரியாதா? கடைசி வரைக்கும் ஊட்டிப் பாத்தவ நான். ஒரு வாய் தங்கல. கொஞ்சம் தேறி வந்துட மாட்டாரான்னு கெடந்தேன். இப்பதான்டா தேறி வந்திருக்காரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் படத்தை இழுத்து நிரப்பிவிட்டு, அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அத்தான் பந்தியைக் கடந்து போய்விட்டார்.

"மறுபடி போடவாக்கா?" என்றார்.