துரையின் காசுக்கு நான் போட்ட அரம்

தலவாக்கலையில் என் பட்டறைக்கு வெள்ளி வேலை அனுப்பாத தேயிலைத் தோட்டம் கிடையாது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் எந்த வெள்ளியும் என்னை ஏமாற்றியதில்லை. இதை அடக்கமாகத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்ட நானே மாட்டிக்கொண்ட கதையை, இப்போது பட்டறையில் உட்காருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷம் இருக்கும். மேல் தோட்டத்துப் பங்களாவில் சமையல் பார்க்கும் அப்பு சவரிமுத்து ஒரு வெள்ளித் துண்டைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். சீட்டுக்கட்டு டைமன் மாதிரி நாலு மூலையும் கூர். மேலே துளை, நடுவில் கிரீடம், இரண்டு இங்கிலீஷ் எழுத்து.

"இதுக்கு ஒரு வளையம் போடணுமாம் பத்தரே. தொரை குடுத்து விட்டாரு."

எனக்கு அது அரைமூடியாகவே தெரிந்தது. நம் சனங்கள் பெண் குழந்தைக்கு இடுப்பில் கட்டுவார்களே, அதுதான். பங்களாவில் பாப்பா பிறந்தது ஊருக்கே தெரியும். எத்தனை மாதம் என்று கேட்டேன். ஏழு என்றார் அப்பு. வெள்ளைக்காரருக்கும் நல்ல புத்தி வந்துவிட்டது என்று மகிழ்ந்து, பாப்பா வயிற்றில் குத்துமே என்று கீழ் மூலையை அரம் போட்டு மழுக்கினேன். என் செலவில் வெள்ளி அரைஞாணும் கோத்துக் கொடுத்தேன். இனி பங்களா வேலை முழுக்க நமக்குத்தான் என்ற நினைப்பு.

மறுநாள் துரையே ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னால் அப்பு, கையில் டிரங்குப் பெட்டியோடு. துரை அரைஞாணைத் தூக்கி என் மேசையில் போட்டார். அவர் தமிழ், காலையில் தோட்டத்து ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கற்றது.

"இது காசு. முந்நூறு வருஷக் காசு. என் கடிகாரச் சங்கிலியில மாட்டக் கேட்டேன். அப்பு மூலைய வெட்ட விட்டான். அப்பு இன்னைக்கே போறான்."

அப்புவுக்குத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஓர் அறைகூடக் கிடையாது. பங்களாவை விட்டால் போக இடமில்லை.

"மழுக்குனது நானுங்க. அவரு மேல குத்தமில்லீங்க" என்றேன். துரை அசையவில்லை. கை சும்மா இருக்காமல் காசைத் திருப்பிப் பார்த்தேன். பார்த்த பிறகு வாயும் சும்மா இருக்கவில்லை.

"தொரைங்களே, இது முதல்ல காசே இல்லீங்க. சாப்பாட்டுத் தட்டு. இந்தக் கோடு கீறல் இல்லீங்க, தட்டோட விளிம்பு. யாரோ தட்ட வெட்டி, அவசரத்துல அடிச்சிருக்காங்க."

துரை முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் நாட்டில் ராஜாவுக்கும் சபைக்கும் சண்டை நடந்ததாம். ராஜாவின் பக்கம் நின்ற ஊர் ஒன்றை எதிர்ப்படை வளைத்துக்கொண்டதாம். உள்ளே சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லாமல், வீடுகளில் இருந்த வெள்ளித் தட்டுகளை வெட்டிக் காசடித்தார்களாம். புத்தகத்தில் படித்திருக்கிறார். ஆனால் தன் காசிலேயே அந்தத் தட்டின் விளிம்பு இருப்பதை அதை முதலில் வைத்திருந்த அவர் தாத்தாகூடக் கவனித்ததில்லையாம்.

எழுந்தார். "அப்பு, பெட்டிய ஜீப்புல ஏத்து. பங்களாவுக்குப் போறோம்."

போகுமுன், மழுக்கிய தூளையும் கேட்டார். தூள் சிந்தாமல் இருக்க மடியில் விரிக்கும் மடித்தோலில் கிடந்ததைத் தட்டிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

ஆகவே, யார் அணியப் போவது என்று கேட்காமல் அரத்தைத் தொடாதீர்கள். அதோடு, ஒவ்வொரு வேலைக்கும் மடித்தோலை உதறிவிட்டு உட்காருங்கள். துரை கொண்டுபோன தூளில் பாதிக்கு மேல் இறம்பொடை ஊர்க்காரி ஒருத்தியின் கொலுசு.